நான்காவது நட்டு

ஸ்பேனரைக் காரின் முன்சக்கர நட்டில் மாட்டிவிட்டு அவள் திரும்பிப் பார்த்தாள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கணவர் இடது கையில் கட்டிய கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். வாதம் வந்து வலது கை விழுந்து எட்டு மாதமாகிறது. அதிகாரம் மட்டும் விழவில்லை.

"ஜாக்கிய இப்பவே ஏத்தாத. சக்கரம் தரையில இருக்கும்போதே நட்ட லூஸ் பண்ணு. எத்தன தடவ சொல்றது?"

"இதையும் சேத்தா பத்து."

ஐம்பத்திரண்டு வயதில் அவள் கார் ஓட்டப் பழகியதே, அவரை வாரம் இரண்டு முறை நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த ஆஸ்பத்திரிக்குக் கைப்பயிற்சிக்கு அழைத்துப் போகத்தான். அதுவரை கொழுந்தன் ஓட்டினான். அவனுக்கு மாற்றலாகிவிட்டது. அவளை நம்பி ஏற இவர் மறுத்தார். "வழியில டயர் போனா ரெண்டு பேரும் நடுரோட்டுல முழிக்கணும். அதுக்கு இந்தக் கை இப்படியே இருந்துட்டுப் போகட்டும்." கைக்கு அசைவு முதல் ஒரு வருஷத்துக்குள் திரும்பினால்தான் உண்டு என்று டாக்டர் சொல்லியிருந்தார். டயர் மாற்றக் கற்றுக்கொண்டால் வருவீர்களா என்று கேட்டுக் கேட்டுச் சம்மதம் வாங்கினாள்.

மூன்று வாரம், தையல் மிஷினில் உட்காருவதற்கு முன்னால், தினமும் முன்சக்கரத்தைக் கழற்றி மாட்டினாள். கடைசி நாள் இருபத்திரண்டு நிமிஷம். குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று அவர் தேடினார். "முந்தானைய இழுத்துச் சொருகிக்க" என்றார். அதுதான் அவர் கொடுத்த சான்றிதழ்.

ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டுப் பன்னிரண்டாவது கிலோமீட்டரில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து இழுத்தது. பின்சக்கரம். அவள் அவரை இறக்கிப் பாலத்துத் திட்டில் உட்காரவைத்துவிட்டு ஸ்பேனரை எடுத்தாள். நட்டு அசையவில்லை. நாற்காலியிலிருந்து அவருக்குத் தெரிந்தது முன்சக்கரம் மட்டும்தான், அதனால் பழகியதும் அது ஒன்றில்தான். பின்சக்கரத்தை இருவருமே நினைக்கவில்லை. பத்து மணிக்கு அவர்களுக்கு நேரம் கொடுத்திருந்தார்கள்.

"யாருங்க இத இப்படி முறுக்கினது?"

அவர் தன் வலது கையைப் பார்த்தார். "நான்தான். கை விழுறதுக்கு மொத நாளு."

"இவ்வளவு பலமா எதுக்கு?"

"பின்னாடிதான நீ உக்காருவ."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஏறி நில்லு" என்றார்.

செருப்பைக் கழற்றிவிட்டு, வண்டியைப் பிடித்துக்கொண்டு ஸ்பேனர் மேல் ஏறி நின்றாள். அவருடைய வலது கை கடைசியாகச் செய்த வேலை அது. அதைப் போய்க் காலால் மிதிக்கிறோமே என்று மனசு அடித்துக்கொண்டது. நட்டு கிரீச்சென்று இளகியது.

மற்றவற்றையும் அப்படியே இளக்கி, ஜாக்கி ஏற்றி, நான்கையும் கழற்றியபோதுதான் நட்டு போட்டுவைக்கும் கிண்ணத்தை வீட்டிலேயே விட்டுவிட்டது நினைவுக்கு வந்தது. கீழே சரளைக் கல், சரிவு வேறு. அவசரத்தில், அவர் மடியில் விரிந்து கிடந்த உள்ளங்கையில் போட்டுவிட்டுத் திரும்பினாள். எந்தக் கை என்று பிறகுதான் உறைத்தது.

ஸ்டெப்னியை மாட்டிவிட்டு நட்டுக்கு வந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று தானே எடுத்துக்கொண்டுபோய்ப் பொருத்தினாள். நான்காவதற்குக் கையை நீட்டியவள் அப்படியே நின்றாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த ரப்பர் பந்துக்கு ஒருநாளும் மடங்காத இரண்டு விரல்கள் அந்த நட்டின் மேல் லேசாக மடங்கியிருந்தன. கை சரிந்ததில் தானாக மடங்கினவையோ என்னவோ. அவரும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பிடுங்கவில்லை. தன் கையை அவர் கைக்குக் கீழே ஏந்தியபடி குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. மணி பத்தாகிவிட்டிருக்கும். அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.