குதிரையில் பாதி

அந்தப் பட்டறையில் பல் செய்தார்கள். பல் மருத்துவர்கள் அனுப்புகிற வாய் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, அதன்மேல் மெழுகில் பல் வரிசை கட்டி, பிறகு வேகவைத்து, தேய்த்து, பளபளப்பாக்கி, சின்ன டப்பாவில் போட்டுத் திருப்பி அனுப்புவது வேலை. மெழுகில் பல் அடுக்குகிறவளை எல்லோரும் மெழுகக்கா என்று கூப்பிட்டார்கள். தேய்க்கிற எந்திரத்தில் இருந்தவள் பாலிஷக்கா. இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே பேருந்தில் வீட்டுக்குப் போகிறவர்கள். ஒருத்திக்குப் பிரசவம் என்றால் மற்றவள் இரண்டு மேசை வேலையையும் சேர்த்துப் பார்த்திருக்கிறாள்.

வருடத்துக்கு ஒரு முறை ஊரில் குதிரைப் பந்தய விழா வரும். அந்த ஒரு வாரம், குதிரைக்கு முன்பக்கம் எது பின்பக்கம் எது என்று தெரியாதவர்கள்கூடப் பந்தயம் பேசுவார்கள். கடைகளில் கொடி கட்டுவார்கள். பேருந்தில் பூ வைத்த தொப்பிகள் ஏறி இறங்கும். கடைசி நாள் மதியம் பெரிய பந்தயம், வேலிகளைத் தாண்டித் தாண்டி ஓடுகிற நெடும் ஓட்டம். பட்டறையில் எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் கட்டுவார்கள். டப்பாக்களை மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற டெலிவரிக்காரன்தான் பணம் வாங்கிப் போய்ச் சீட்டு வாங்கி வருவான்.

மெழுகக்காவும் பாலிஷக்காவும் எப்போதும் ஒரே குதிரையில் பாதிப் பாதியாகக் கட்டுவார்கள். "முன்பாதி எனக்கு, பின்பாதி உனக்கு" என்பாள் பாலிஷக்கா. "உதை வாங்குறது மட்டும் நானா?" என்பாள் மெழுகக்கா. குதிரையைப் பெயர் பார்த்துத்தான் எடுப்பார்கள். ஒரே ஒரு சட்டம் உண்டு. ஊரே ஜெயிக்கும் என்று சொல்கிற குதிரையின் பக்கம் போகக்கூடாது. "ஜெயிக்கும்னு தெரிஞ்சதுல கட்டுறதுக்கு எதுக்குப் பந்தயம்? பேங்க்ல போட்டுடலாமே." ஒரு வருடம் 'ஹனிமூன்' என்ற குதிரையில் கட்டினார்கள். அது கிளம்பவே மறுத்து, கோட்டுக்குப் பின்னால் நின்று புல்லை மேய்ந்தது. "ஹனிமூன்னா அவ்வளவுதான்டி" என்று பாலிஷக்கா சொன்னதை நினைத்து நினைத்து இரண்டு பேரும் மாதக்கணக்கில் சிரித்தார்கள். அவர்கள் குதிரை ஜெயிப்பது என்பது குதிரைக்கொம்புதான். அதைப் பற்றி இருவருக்கும் கவலை இருந்ததில்லை.

இந்த வருடம் விழா தொடங்கிய அன்று, கை கழுவுகிற இடத்தில் மெழுகக்கா கேட்டாள்.

"என்ன குதிரை பார்த்து வச்சிருக்க?"

"'ராங் நம்பர்'னு ஒண்ணு. பேரைக் கேட்டதும் பீங்கான் விழுந்து விழுந்து சிரிச்சா. அவளும் நானும் சேர்ந்து கட்டிடலாம்னு பேசியாச்சு."

பீங்கான் என்பது கண்ணாடி அறைக்குப் புதிதாக வந்த பெண். தூசி படக்கூடாது என்பதற்காக அந்த அறையைத் தனியாக அடைத்திருந்தார்கள். அங்கே உட்கார்ந்து மெல்லிய தூரிகையால் பீங்கான் பொடியைக் குழைத்துப் பூசி ஒற்றைப் பல் செய்வாள். முப்பது வயதுக்குள். சிரிப்புக்குப் பஞ்சமில்லை.

"ஓ" என்றாள் மெழுகக்கா.

"போன வருஷம் நீதானே சொன்ன, இனிமே இந்தக் கருமத்துக்கு என்னைக் கூப்பிடாதேன்னு."

"சொன்னேன்தான்."

ஒவ்வொரு வருடமும் தோற்ற பிறகு அவள் அதைச் சொல்லியிருக்கிறாள். வயிறு முட்டச் சாப்பிட்டவர்கள் இனி சோறே வேண்டாம் என்பார்களே, அப்படிப்பட்ட பேச்சு. அதை நம்பி யாராவது மறுநாள் அடுப்பை மூடுவார்களா?

"இப்பவும் ஒண்ணும் ஆகல. மூணு பேரா கட்டிடலாம், நீயும் வா."

"குதிரைக்கு நாலு காலு. மூணு பேருக்கு எப்படிப் பிரிப்பே?"

வேடிக்கையாகச் சொல்லத்தான் நினைத்தாள். வாயிலிருந்து வந்தபோது அது வேடிக்கையாக இல்லை. பாலிஷக்கா ஒரு நிமிடம் அவளைப் பார்த்துவிட்டு, துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதன்பிறகு மெழுகக்காவின் கண் மெழுகில் நிற்கவில்லை. பாலிஷ் எந்திரத்தின் இரைச்சல் நின்றால் நிமிர்வாள். பாலிஷக்கா முகமூடியைக் கழற்றிவிட்டு, உடம்பிலிருந்த தூசியைத் தட்டிவிட்டுக் கண்ணாடி அறைக்குள் நுழைவாள். உள்ளே இரண்டு வாய்கள் அசைவது தெரியும், சத்தம் கேட்காது. பிறகு இரண்டு பேரும் சிரிப்பது தெரியும். தன்னைப் பற்றித்தான் என்று ஒருமுறை தோன்றியது. தன்னைப் பற்றி இல்லை என்று அடுத்த நிமிடம் தோன்றியது. இரண்டாவதுதான் அதிகமாகச் சுட்டது. அன்று ஒரு கிழவரின் மேல்வரிசையில் கடைவாய்ப் பல்லை வலது இடதாக மாற்றி வைத்துவிட்டு, தானே கண்டுபிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு மெழுகை உருக்கி மறுபடி அடுக்கினாள்.

வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் பள்ளிக்கூட வண்டி ஓட்டுகிறவர்.

"ஒரு பந்தயத்துக்குத்தானே சேர்ந்தா? சொத்தையா பிரிச்சுக் கொடுத்துட்டா?" என்றார்.

"உங்களுக்குப் புரியாது."

"ஏன் புரியாம? என் வண்டியை இன்னொருத்தன் எடுத்து ஓட்டினா எனக்கும் சோறு இறங்காது."

"அவ என்ன வண்டியா?"

"நான் எங்க சொன்னேன்? நீதான் சாவி தொலைஞ்ச மாதிரி உக்காந்திருக்க."

மாமியார் உள்ளேயிருந்து, "யாரு சாவியைத் தொலைச்சது?" என்று கேட்டார். பேச்சு அதோடு போயிற்று. எரிச்சல் போகவில்லை.

மறுநாள் பாலிஷக்கா விடுப்பு. மகனின் பள்ளியில் ஏதோ கூட்டம். மெழுகக்கா ஒரு வேலையைச் சாக்காக வைத்துக் கண்ணாடி அறைக்குள் போனாள். ஒற்றைப் பல்லுக்கு எந்த நிறம் என்று கேட்பதுபோல நிற அட்டையை எடுத்துப் புரட்டினாள்.

"உனக்கு இங்க எல்லாம் பழகிடுச்சா?"

"சூப்பரா போகுதுக்கா. பாலிஷக்கா இருக்காங்கல்ல, நேரம் போறதே தெரியல."

"நல்ல மனசுதான் அவளுக்கு. வாய்தான் கொஞ்சம். நீ வந்த புதுசுலகூடச் சொன்னா, இவ சிரிப்புக்கு ஒரு மாசம்கூடத் தாங்கமாட்டா, பல்லைக் காட்டுறதைத் தவிர பல்லு வேலை என்ன தெரியும்னு."

அது பாலிஷக்கா சொன்னதுதான். பொய்யில்லை. பெண் வந்த முதல் வாரத்தில், எந்திர இரைச்சலுக்கு மேல் கத்திச் சொன்னது. இருவரும் அப்போது சேர்ந்து சிரித்ததுதான். மெழுகக்கா அதை இப்போது வாயில் எடுத்தபோது எச்சில் கசந்தது.

பீங்கான் பல்லிலிருந்து தூரிகையை எடுக்காமலே சிரித்தாள். "தெரியும்க்கா. அவங்களே சொல்லிட்டாங்க. சொல்லிட்டு ஒரு பொட்டலம் பிஸ்கட்டும் வாங்கிக் கொடுத்தாங்க, அபராதமாம்."

மெழுகக்கா நிற அட்டையை இருந்த இடத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். தான் ஒளித்து வைத்திருந்த ஒரே கத்தியும் மொக்கை என்று தெரிந்துபோனது. அவர்களுக்குள் அவ்வளவு தூரம் பேச்சு நடந்திருக்கிறது. தன்னிடம் அந்த பிஸ்கட் விஷயத்தைச் சொல்லவே இல்லை.

மாலையில் டெலிவரிக்காரன் டப்பாக்களைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தான். அவனிடம் போய்க் கேட்டாள்.

"எதுப்பா ஜெயிக்கும்?"

"என்னக்கா புதுசா இதையெல்லாம் கேக்குறீங்க? 'கோல்டன் கீ'தான். ஊரே அதுலதான் கட்டியிருக்கு. ஆனா வந்தாலும் கொசுறுதான் வரும்."

"பரவாயில்ல. அதுலயே எனக்கு ஒண்ணு கட்டு."

"தனியாவா?"

"தனியாத்தான்."

அவன் அவளைப் பார்த்தான், பிறகு கண்ணாடி அறையைப் பார்த்தான், பணத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். கோல்டன் கீ ஜெயித்தாலென்ன தோற்றாலென்ன, அவளுக்கு ராங் நம்பர் மண்ணைக் கவ்வ வேண்டும். அதுதான் வேண்டுதல்.

கடைசி நாள் மதியம் முதலாளி எந்திரங்களை நிறுத்தச் சொல்லிவிட்டு வரவேற்பறைத் தொலைக்காட்சியைப் போட்டார். நாற்காலி பற்றவில்லை. பாலிஷக்காவும் பீங்கானும் ஒரே ஸ்டூலில் ஆளுக்குப் பாதியாக ஒட்டிக்கொண்டார்கள். மெழுகக்காவுக்கு நல்ல நாற்காலி கிடைத்தது. முதுகு சாய்த்து உட்கார்ந்தாள்.

குதிரைகள் கிளம்பின. ராங் நம்பரின் மேல் மஞ்சள் சட்டைக்காரன் உட்கார்ந்திருந்தான். முதல் வேலியை எல்லாம் தாண்டின. இரண்டாவது வேலியில் ராங் நம்பர் முன்னங்காலை மடித்து ஒரு குலுக்குக் குலுக்கியது. மஞ்சள் சட்டைக்காரன் பறந்துபோய்ப் புல்லில் உருண்டான். அவன் எழுந்து தொப்பியைத் தட்டி மாட்டிக்கொண்டதைக் காட்டினார்கள். அடி ஒன்றும் இல்லை.

"போச்சு" என்றாள் பாலிஷக்கா.

மெழுகக்காவின் உடம்பு முழுவதும் குளிர்ந்தது. கேட்டது கிடைத்துவிட்டது. இவ்வளவு சீக்கிரம் கிடைக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

ஆனால் ராங் நம்பர் நிற்கவில்லை. முதுகில் ஆளில்லாமல், கடிவாளம் ஒரு பக்கமாகத் தொங்க, அது பாட்டுக்கு ஓடியது. மூன்றாவது வேலியை மற்ற எல்லாவற்றையும்விட அழகாகத் தாண்டியது. பாரம் இல்லாத குஷி. ஒவ்வொன்றாக முந்திக்கொண்டு முன்னால் வந்தது.

"ஏய், நம்மது போகுது பாருங்க" என்றாள் பீங்கான்.

"ஆள் எதுக்கு, அதுக்கு வழி தெரியும்" என்றாள் பாலிஷக்கா.

இரண்டு பேரும் எழுந்து நின்றார்கள். முதலாளி எழுந்து நின்றார். வேறு குதிரையில் கட்டியவர்களும் தங்கள் குதிரையை மறந்துவிட்டு ஆளில்லாத குதிரைக்குக் கை தட்டினார்கள். வளைவில் அது ஒருமுறை நின்று, பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்ப்பதுபோலத் தலையைத் திருப்பியது. கூடம் முழுக்கச் சிரிப்பு. பிறகு மறுபடி பாய்ந்து, எல்லைக் கோட்டை முதலாவதாகத் தாண்டி, பரிசு கொடுக்கிற இடத்தை நோக்கித் தானே நடந்து போயிற்று.

டெலிவரிக்காரன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "குதிரை கீழே தள்ளினதும் இல்லாம குழியும் பறிச்சுதாம்னு சொல்வாங்க. இது கீழே தள்ளிட்டு மாலை வாங்கப் போகுது."

பாலிஷக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு பீங்கானின் தோளில் சாய்ந்தாள். சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கியது. ஆளில்லாத குதிரை கணக்கில் வராது என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்காக அந்தச் சிரிப்பில் ஒரு துளியும் குறையவில்லை.

"யாரு கணக்குப்படி ஜெயிச்சது?" என்று முதலாளி கேட்டார்.

"கோல்டன் கீ. மெழுகக்காவுக்கு அடிச்சிருக்கு" என்றான் டெலிவரிக்காரன்.

எல்லோரும் திரும்பினார்கள். "அட, அப்படியா? நல்லதும்மா" என்றார் முதலாளி. அதற்குள் திரையில் ராங் நம்பர் தலையைத் திருப்பிப் பார்த்ததை மறுபடி போட்டார்கள். எல்லோரும் திரும்பிக்கொண்டார்கள்.

மெழுகக்கா நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தாள். இனி வருடக்கணக்கில் இந்தப் பட்டறையில் ராங் நம்பரைப் பற்றிப் பேசுவார்கள். அதில் பாதி பாலிஷக்காவுடையது, மறுபாதி பீங்கானுடையது. தோற்றவர்களைப் பார்த்துப் பொறாமைப்படுகிற ஜென்மம் உலகத்தில் தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள்.

மாலையில் பீங்கானை அவள் கணவன் வந்து ஸ்கூட்டரில் கூட்டிப்போனான். மற்ற இருவரும் வழக்கம்போலப் பேருந்தில் ஏறி, பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். 

"ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதே" என்றாள் பாலிஷக்கா. "என்னோட சேர்ந்து கட்டினப்ப ஒரு தடவையும் நமக்கு வரல. என்னை விட்டுட்டு முதல் தடவையா தனியா கட்டின, உடனே வந்துடுச்சு."

மெழுகக்கா பேருந்துச் சீட்டை விரலில் சுருட்டினாள்.

"உனக்கு அடிச்சிருக்குன்னு டெலிவரிக்காரன் சொன்னப்ப எல்லாரோடயும் சேர்ந்து நானும் சிரிச்சிட்டிருந்தேன். உள்ள வயிறு எரிஞ்சுது. இத்தனை வருஷமும் பீடையா இருந்தது நான்தானான்னு. மூணு பேரா வான்னு கூப்பிட்டதுக்கு வரமாட்டேன்னப்பவே நினைச்சேன், இவ என்னைக் கழட்டி விடறான்னு."

பந்தயத்தில் ஜெயித்தபோது வராத இனிப்பு இப்போது மெழுகக்காவின் நாக்கில் வந்து உட்கார்ந்தது. இவளுக்கும் எரிகிறது. என்னால் எரிகிறது. அது ஊர் கட்டிய குதிரை, ஒன்றும் பெரிதில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்ல மனம் வரவில்லை.

"கோல்டன் கீயை நான் ரொம்ப நாளாவே பார்த்து வச்சிருந்தேன்" என்றாள்.

"என்கிட்ட சொல்லவே இல்லையே."

"நீ கேக்கவே இல்லையே."

பாலிஷக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் நிறுத்தம் வந்ததும் எழுந்து, "வரேன்" என்றுகூடச் சொல்லாமல் இறங்கினாள். நாக்கிலிருந்த இனிப்பு அந்த நிமிடமே போய்விட்டது. கதவு மூடுவதற்குள் மெழுகக்காவும் குதித்து இறங்கினாள். ஓட்டுநர் ஏதோ திட்டினார்.

"நான் சொன்னது பொய்" என்றாள், நடந்துகொண்டிருந்தவளின் முதுகைப் பார்த்து. "பேருகூட டெலிவரிக்காரன்தான் சொன்னான். உங்க குதிரை தோக்கணும்னுதான் கட்டினேன்."

பாலிஷக்கா நின்றாள். "தோத்துடுச்சு. இப்ப திருப்தியா?"

"எங்க? அது தோத்த மாதிரியே தெரியலையே."

பாலிஷக்கா சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்த பிறகும் முகம் பழையபடி வர நேரமாயிற்று. "பீங்கான்கிட்ட நீ என்ன சொன்னேன்னும் எனக்குத் தெரியும்" என்றாள். மெழுகக்கா தரையைப் பார்த்தாள். "சரி, வா. டீ போடறேன். அவளைப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை பேசக்கூடாது."

"நான் எதுக்குப் பேசறேன்?"

"நீ பேசுவ."

சமையலறை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். டீயை ஊற்றி ஒரு வாய் குடிப்பதற்குள் பாலிஷக்காவின் போன் அடித்தது. பீங்கான்தான். அந்தக் குதிரை மேடையில் ஏறி யாரோ ஒரு பெரிய மனுஷியின் தொப்பியிலிருந்த பூவைத் தின்றுவிட்டதாம். வீடியோ வந்திருக்கிறதாம். பாலிஷக்கா போனைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

மெழுகக்கா பாத்திரத்தைச் சாய்த்துத் தன் டம்ளரில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றிக்கொண்டாள். வயிறு எரியத்தான் செய்தது. அதற்காக எழுந்து போகிற உத்தேசம் அவளுக்கு இல்லை.