பத்தாவது ஆளாக அக்கா மகள்

விளம்பரக் கம்பெனியில் வசனம் எழுதுகிறவளுக்கு அன்று ஒரு ஆள் குறைந்தது. போதைக்கு எதிரான புதுப் படத்தைப் போட்டுக் காட்டிக் கருத்துக் கேட்கப் பத்துப் பிள்ளைகள் வேண்டும், வந்தது ஒன்பது. பதினாறு வயது அக்கா மகளுக்குப் போன் போட்டாள். படத்தில் இருப்பது யார் கதை என்று அப்போது உறைக்கவே இல்லை. எட்டு முறை திருத்தி எழுதியதில், அது தன் சொந்தச் சரக்கு என்றே நம்பிவிட்டிருந்தாள்.

படம் போட்ட அறையின் ஒரு சுவர், பிள்ளைகளுக்கு வெறும் முகம் பார்க்கும் கண்ணாடி. அதற்கு இந்தப் பக்கம் நின்று, வசனம் எழுதிய சித்தியும் மேனேஜரும் உள்ளே நடப்பதைப் பார்த்தார்கள்.

திரையில் ஒரு பெண் பேனா மூடிக்குள்ளிருந்து போதை மாத்திரையை எடுத்து நீட்டி, "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, செத்துடுவாங்க" என்று விசும்பினாள்.

உள்ளே ஒரே சிரிப்பு.

"டேய், பேனா மூடி! நமக்குத் தோணவே இல்ல பாரு!" என்றான் ஒரு நெட்டையன்.

"மூக்கு ஒழுகறதுக்குத் தனி சம்பளம் குடுத்திருப்பாங்கடா," என்றாள் சுருட்டைமுடிக்காரி.

அக்கா மகள் சிரிக்கவில்லை. சித்திக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று மாதம் முன்னால், சித்தி வீட்டுச் சமையலறையில், இதே மூடி, இதே வார்த்தைகள். அக்காவிடம் மூச்சுவிடமாட்டேன் என்று கொடுத்த வாக்கைக் காப்பாற்றியவள், ஊருக்கே படம் போட்டுவிட்டாள்.

"அந்த ஓரத்துப் பொண்ணு கண்ணு கலங்குது பாரும்மா!" மேனேஜர் குதூகலித்தார். "படம் வேலை செய்யுது!"

ஓடிப்போய் அணைத்துக்கொள்ளச் சித்திக்குக் கால் துடித்தது. போனால் யார் கதை என்று எல்லோருக்கும் வெட்டவெளிச்சமாகிவிடும். நின்ற இடத்திலேயே நின்றாள்.

"சார், இந்தப் படம் வேணாம்."

"ஏம்மா? நீ எழுதினதுதானே?"

"நான் எழுதல சார். திருடினது. யார்கிட்டன்னு கேக்காதீங்க."

லிப்ட் வாசலில் அக்கா மகளைப் பிடித்தாள். "படத்த நிறுத்தச் சொல்லிட்டேன்டா கண்ணு. தப்பு பூரா என்மேலதான்."

"சரி சித்தி." பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "போன வாரம் திரும்பவும் ஒருத்தி மாத்திரைய நீட்டினா. உங்ககிட்ட சொல்லணும்னுதான், கூப்பிட்டதும் ஓடி வந்தேன்."

"சொல்லும்மா. வாங்கினியா?"

"லிப்ட் வந்துடுச்சு."

சித்தியும் கூடவே ஏறினாள். ஏழு மாடி இறங்குகிறவரை அந்தப் பெண் மாடி எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு முறை கேட்க இவளுக்கு முகமில்லை.