முன்னால் போகும் முதுகு

சிவப்புப் பை முன்னால் போய்க்கொண்டிருக்கிறது, ஆள் தெரியவில்லை, பையும் அதற்குக் கீழே இரண்டு கால்களும்தான், மூடுபனி அதை ஒரு வளைவில் விழுங்குகிறது, அடுத்த வளைவில் திருப்பிக் கொடுக்கிறது, செண்பகவல்லி அதைப் பார்த்துக்கொண்டே ஏறுகிறாள், முன்னால் ஒரு முதுகு இருந்தால் போதும், எங்கே போகிறோம் என்று யோசிக்க வேண்டியதில்லை, நேற்றைய ஏரி கீழே கிடக்கிறது, கணவாய் இன்னும் மேலே, நடுவில் அவளுக்கு மூச்சு வாங்குகிறது, அதுவும் வேறு யாருக்கோ வாங்குவது போலத்தான். விரல் மரத்துவிட்டதோ என்று கையுறையைக் கழற்றிக் கிள்ளிப் பார்த்தாள், தெரியவில்லை, தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று மறுபடி மாட்டிக்கொண்டாள். காஷ்மீர் மலையில் இந்த ஏரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு தனியாக நடப்பது அவள் புருஷன் சங்கரபாண்டியின் ஆசை, அவனுக்குக் கோவில்பட்டி வெயிலில் உட்கார்ந்துகொண்டு பனிமலைப் படமாகப் பார்த்துத் தள்ளுவதுதான் பொழுதுபோக்கு, இப்போது அவள் முதுகில் இருக்கிற நீலப் பைகூட அவன் வாங்கியது, கனத்துக்கு அரிசியை உள்ளே போட்டு மாட்டிக்கொண்டு மாடிப்படியில் ஏறி இறங்கிப் பழகுவான், என்ன தம்பி, ரேஷன்ல அரிசி போட்டுட்டானா என்று எதிர்வீட்டுக்காரர் கேட்பார், இல்லண்ணாச்சி, இமயமலைக்குப் போறேன் என்பான் இவன், மொட்டை மாடி வரைக்குமா என்பார் அவர், மூன்று பேரும் சிரிப்பார்கள், சிரித்தது நினைவிருக்கிறது, சிரிப்புதான் எப்படி வரும் என்று மறந்துவிட்டது.

அன்றைக்கு அவன் பைக்கை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டான், முதுகுதான் தெரிந்தது, ஏங்க, என்று கூப்பிட்டாள், சோத்து டப்பாவை விட்டுட்டுப் போறீங்களே, அவ்வளவுதான், எலுமிச்சம்பழச் சாதமும் உருளைக்கிழங்கும், கிளம்பிப் போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது, தவறிக் கூப்பிட்டுவிட்டால் வந்து உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும், அவனுக்குத் தெரியாதா, சிரித்துக்கொண்டே திரும்பி வந்து வாசல்படியில் உட்கார்ந்தான், கொண்டா தாயி, குடிச்சாத்தான விடுவ, என்றான், குடித்தான், டம்ளரைப் படியிலேயே வைத்துவிட்டுப் போனான், புறவழிச்சாலையில் லாரி. டம்ளரின் அடியில் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருந்தது, ஆட்கள் ஓடி வந்தபோதும் அது அங்கேயேதான் இருந்தது. போறவனைப் பின்னால இருந்து கூப்பிட்டுட்டாளே பாவி, என்று நாத்தனார் பேச்சியம்மாள் மாரில் அடித்துக்கொண்டாள், கூடியிருந்தவர்களில் ஒருத்தர்கூட அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லவில்லை, செண்பகவல்லியும் சொல்லவில்லை, அந்த ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கிற நேரம் மட்டும் இல்லையென்றால் லாரி வருவதற்குள் அவன் அந்த இடத்தைத் தாண்டியிருப்பான், இந்தக் கணக்கைப் போட்டுப் போட்டு ஒரு நாள் உள்ளே ஏதோ நின்றுபோனது, அதற்குப் பிறகு அழுகையும் இல்லை. யாரையும் பின்னாலிருந்து கூப்பிடுவதும் இல்லை, தபால்காரர் பேனாவை விட்டுவிட்டுப் போனார், தெரு திரும்புகிற வரை பார்த்துக்கொண்டே நின்றாள், ஆபீஸில் கூட வேலை பார்க்கிறவள் குடையை மறந்துவிட்டு இறங்கினால், ஓடிப்போய் அவளைத் தாண்டி முன்னால் வந்து நின்று நீட்டுவாள், ஏன்க்கா இப்படி மூச்சு வாங்க ஓடி வாறீக, ஒரு குரல் குடுத்தா ஆகாதா என்பாள் அவள். ஆகாது.

சிவப்புப் பை ஒரு வங்காளத்துக்காரருடையது, நேற்று ஏரிக்கரையில் பக்கத்தில் கூடாரம் போட்டவர், தனியாக வந்தவர்தான், அவித்த உருளைக்கிழங்கில் உப்பைத் தூவி இலவசமாகப் புன்னகையும் சேர்த்துக் கொடுத்தார், அவர் இந்தி அவளுக்குப் புரியவில்லை, அவள் இந்தி யாருக்குமே புரியாது. விடிந்ததும் அவர் கிளம்பிவிட்டார், அதற்கப்புறம்தான் ஆடு ஓட்டி வந்த கிழவர் அவளிடம் கையாலேயே சொன்னார், மேலே கணவாய்க்கு அடியில் ஒரு குட்டி ஏரி இருக்கிறது, கல் அடுக்கி வைத்திருக்கும் பக்கமாகவே போ, ஏரிப் பக்கத்துப் பனியில் காலை வைத்துவிடாதே, என்று உள்ளங்கையைக் கிண்ணம்போலக் குவித்துக் கவிழ்த்துக் காட்டினார், கீழே வெற்றிடம், அதற்கும் கீழே தண்ணீர். இப்போது மூடுபனி விலகுகிறது, குட்டி ஏரி தெரிகிறது, சிவப்புப் பை கற்களை விட்டு இறங்குகிறது, குறுக்கே போனால் சுற்று மிச்சம் என்று நினைத்துவிட்டார் போலும், வெள்ளைவெளேரென்ற பனியை நோக்கிப் போகிறது, தாண்டி முன்னால் போய் நின்றுவிடலாம் என்று செண்பகவல்லி ஓடப் பார்க்கிறாள், நாலு எட்டில் மூச்சு முட்டுகிறது, கூப்பிட வேண்டும், வாசல்படி தெரிகிறது, படியில் டம்ளர், தெருமுனையில் முதுகு, கூப்பிட்டால் போய்விடுவார், கூப்பிடாவிட்டாலும் போய்விடுவார், கடவுளே, ஏங்க! என்று ஒரு குரல் மலையில் முட்டித் திரும்பி வந்தது, தன்னுடையதுதான் என்று தெரிய அவளுக்குக் கொஞ்சம் நேரமானது, ஏங்க! ஏங்க! அங்க போவாதீங்க! ஒரு கால் பனியில் இருக்க அவர் திரும்பிப் பார்த்தார், அவள் உள்ளங்கையைக் குவித்துக் கவிழ்த்துக் காட்டினாள், அவர் கைத்தடியால் முன்னால் குத்தினார், தடி பிடி வரைக்கும் இறங்கிவிட்டது.

அவர் கற்களுக்கு ஏறி வந்து பாறையில் தொப்பென்று உட்கார்ந்தார், அவள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள், வேண்டாம் என்று தலையாட்டினார், குடிங்க, குடிச்சிட்டுத்தான் கிளம்பணும் என்று சுத்தத் தமிழில் அதட்டினாள், அவள் முகத்தில் எதைப் பார்த்தாரோ, வாங்கிக் குடித்தார். கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன், நீ முன்னே போ என்று கையைக் காட்டினார். அவள் நடந்தாள், இப்போது முன்னால் எந்த முதுகும் இல்லை, அடுக்கிய கற்கள் மட்டும்தான், அவள் முதுகின் நீலப் பை மூடுபனிக்குள் மேலே போய்க்கொண்டிருந்தது, யாரும் அதைக் கூப்பிடப்போவதில்லை என்று அவள் நினைத்தாள், அப்போது பின்னாலிருந்து கேட்டது, ஏங்க. அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ் அதுதான், சற்று முன்னே கற்றுக்கொண்டது, அவள் மறந்து விட்டுப்போன பாட்டிலை உயர்த்திப் பிடித்து ஆட்டிக்கொண்டு நின்றார். அவள் திரும்பிப் பார்த்தாள், இறங்கி வந்தாள், முறைப்படி பாறையில் உட்கார்ந்தாள், ஒரு வாய் குடித்தாள். பல் கூசியது, விரலெல்லாம் வலித்தது, சங்கரபாண்டியை நினைத்து அழுகை வந்தது, வரட்டும் என்று விட்டுவிட்டாள்.