திக் கேட்டு வந்தவன்

ஆர்ச்சி கெடஸ் ஓட்ஸ் கஞ்சியை வழித்துக் குடித்து முடிக்கும்வரை எப்பி அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். புதிதாகக் கல்யாணமாகி, எதிர்ச் சரிவில் நிலம் பிடித்தவன். முதல் விதைப்புக்கு வீடு வீடாக ஒரு படி விதை கேட்டு வருகிறான். அதற்குத் திக் என்று பேர். பிச்சை வேறு, திக் வேறு. பிச்சைக்காரன் வாசலோடு நின்று போட்டதை வாங்கிக்கொள்வான். திக் கேட்பவனை உள்ளே உட்காரவைத்து, சாப்பாடு போட்டு, என்ன வேண்டும் என்று நாம்தான் கேட்க வேண்டும். இல்லையென்று சொன்ன வீட்டை ஊர் மறக்காது.

"ஓட்ஸ்தானே தம்பி?"

"வாற்கோதுமை இருந்தா குடுங்கக்கா."

இது மார்ச் மாதம். ஓட்ஸ் விதைக்கிற காலம். வாற்கோதுமை மே மாதத்தில்தான் மண்ணுக்குப் போகும். ஆனால் ஊறவைத்து முளைகட்டினால் எந்த மாதத்திலும் சாராயமாகும். போன வருடம் திக் கேட்டுப் போனவன் அப்படித்தான் மலைக்குள் கள்ளச் சாராயம் காய்ச்சிப் பிடிபட்டான். விதை கொடுத்த வீடுகளும் கூட்டு என்று அபராதம் விழுந்தது. எப்பியின் ஒரே பசு அதில்தான் போயிற்று.

"மே மாசத்துக்கு இப்பவே என்ன அவசரம்?"

"எல்லாரும் வெதச்சப்புறம் போய் மிச்சத்தக் கேட்டா அது பிச்சைன்னு மாரியன் சொல்றா. எம் பொண்டாட்டி வாய் உங்களுக்குத் தெரியாதுக்கா."

பதில் சரியாகத்தான் இருந்தது. அவ்வளவு சரியாக இருந்ததே எப்பிக்கு உறுத்தியது.

உள்ளே இரண்டு சாக்கு வாற்கோதுமை. ஒன்று விதை. மற்றது மாவரைக்கச் சூளையில் காயவைத்தது. அந்தச் சூட்டில் மணியின் உயிர் போய்விடும், முளைக்காது. முளைக்காததில் சாராயம் இறங்காது. எப்பி இரண்டாவது சாக்கில் ஒரு படி அள்ளினாள்.

ஆர்ச்சி அதைத் தனித் துணியில் முடிந்தான்.

"ஏன், உன் சாக்குல கொட்டலியா?"

"வெத குடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பாத்திக்கா. அவங்கவங்க பேர்ல. உங்க பாத்தி பாதையோரத்துல. போறவங்க வர்றவங்க எல்லாரும் பாப்பாங்க."

அவன் சரிவில் ஏறுவதை எப்பி கதவருகில் நின்று பார்த்தாள். மேலே பாத்திகளுக்குக் குச்சி நட்டாகிவிட்டது. மண்வெட்டியோடு நின்ற மாரியன் முடிச்சை வாங்கி அவிழ்த்தாள். நல்ல விதை பல்லில் நசுங்கும்; சூளை மணி பட்டென்று உடையும். அவள் ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். மென்றாள். பிறகு இடுப்பில் கைவைத்து நிமிர்ந்து, எப்பியின் வாசலை நோக்கித் திரும்பினாள்.