நாச்சிமுத்து பேர் வெட்டிய பன்னீர்ச் சொம்பு

அலுமினியத் தாள் ஒரு சுருள், ஆப்பசோடா, கல்லுப்பு, புளி. பழி தீர்க்க லோகப்பிரியாவுக்கு இவ்வளவுதான் தேவைப்பட்டது. எல்லாவற்றையும் கட்டைப்பையில் போட்டு, நடுவில் தன் பன்னீர்ச் சொம்பைத் துண்டில் சுற்றி வைத்துக்கொண்டு, விடிந்ததும் விடியாததுமாகக் கணபதிப் பகுதியில் இருந்த நங்கை வீட்டு வாசலில் போய் இறங்கினாள்.

நங்கை என்றால் கணவன் கிருபாசங்கரின் அக்கா வசந்தாமணி. அன்று அவள் மகளுக்கு வீட்டிலேயே நிச்சயம். பெருந்துறையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். வெள்ளியைக் கடையில் பாலிஷுக்குக் கொடுத்தால் எடை குறைந்துவிடும் என்று வசந்தாமணிக்குப் பயம். வேலைக்காரம்மாவிடம் கொடுக்கவும் பயம். தம்பி பொண்டாட்டி எதற்கு இருக்கிறாள்?

"வா கண்ணு, வா. அந்தப் பன்னீர்ச் சொம்புல மஞ்சளாத் திட்டு விழுந்து கெடக்குது. நல்லா அழுத்தித் தேச்சுப் பளிச்சுனு ஆக்கிப்போடு. சம்பந்தியம்மா கண்ணு அதுலதான் நிக்கோணும்."

"ஆகட்டுங்க நங்கை" என்றாள் லோகப்பிரியா, தேன் ஒழுக.

தேனெல்லாம் வாயில்தான். தன் கல்யாணத்தன்று நடந்தது அவளுக்கு இன்னும் ஆறவில்லை. அப்பா நாச்சிமுத்து மதுக்கரையில் சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் பார்த்தவர். மகளுக்கென்று ஆசையாக ஒரு பன்னீர்ச் சொம்பு வாங்கி, கீழே தன் பேரை வெட்டி வைத்திருந்தார். அம்மா அதைக் காகிதத்தில் சுற்றி ரப்பர் பேண்டு போட்டுப் பீரோவில் வைத்திருந்ததால், அடுக்கிய சீரில் அது கன்னங்கரேலென்று வந்து உட்கார்ந்தது. வசந்தாமணி அதைக் கையில் எடுத்தாள். கட்டைவிரலால் தேய்த்து, கறுத்த விரலைச் சபைக்கே காட்டினாள்.

"இது வெள்ளியா, ஈயமா? பரவால்ல அம்மணி. உங்கப்பா முடிஞ்சதத்தான செய்வாரு."

வசந்தாமணிக்குப் பெரியம்மா முறையுள்ள குழந்தையம்மாள் வாயைப் பொத்திச் சிரித்தாள். மற்ற பெண்களும் சிரித்தார்கள். "கறுக்கறதுதானுங்க வெள்ளி" என்று அப்பா சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. அதற்கப்புறம் அவர் சம்பந்தி வீட்டுப் படி மிதிக்காமலே செத்துப்போனார். லோகப்பிரியா அந்தச் சொம்பை ஒருநாளும் துலக்கவில்லை. கறுப்பு அப்படியே கிடக்கட்டும் என்று வைத்திருந்தாள்.

போன வருஷம் மாமனார் ஈஸ்வரமூர்த்தியின் திதிக்குப் பாத்திரம் கழுவும்போது, வசந்தாமணி வீட்டுச் சொம்பின் அடியில் நகத்தளவு சிவப்பு தெரிந்தது. அது ஈஸ்வரமூர்த்தி மகளுக்குக் கொடுத்த சீர்ச் சொம்பு. 'எங்கப்பா குடுத்த வெள்ளி கறுக்கவே கறுக்காது' என்று வசந்தாமணி ஊரெல்லாம் பீற்றிக்கொள்வது அதைத்தான். லோகப்பிரியா சத்தமில்லாமல் துடைத்து வைத்துவிட்டு, இந்த நாளுக்காகக் காத்திருந்தாள்.

குழாயடியில் பெண்கள் பூக்கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். குழந்தையம்மாளும் இருந்தாள். ஆள் குறையாமல் இருந்ததில் லோகப்பிரியாவுக்குப் பரம திருப்தி. பேசினில் தாளை விரித்து, உப்பும் சோடாவும் கொட்டி, கொதிக்கிற தண்ணீரை ஊற்றினாள்.

"இதென்ன அம்மணி, பொட்டலம் கட்டறாப்பல தாளு?" என்றாள் வசந்தாமணி. "உன்ற சொம்பு எதுக்கு?"

"அதையும் சேத்துக் கழுவிக்கலாம்னுதானுங்க."

முதலில் தன்னுடையதை உள்ளே விட்டாள். தண்ணீர் நுரைத்தது. அழுகிய முட்டை வாடை அடிக்க, குழந்தையம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். கறுப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சொம்பை விட்டுத் தாளில் போய் ஒட்டியது. இரண்டு தடவை தாளையும் தண்ணீரையும் மாற்றி, வெளியே எடுத்துத் துணியால் துடைத்ததும் சொம்பு பாலாய் மின்னியது. அடியில் புள்ளி புள்ளியாக நாச்சிமுத்துவின் பேர் எழுந்து நின்றது.

"அட, நல்ல வெள்ளியாட்ட இருக்குதே!" என்றாள் குழந்தையம்மாள்.

"இப்ப உங்களுதுங்க நங்கை."

மஞ்சள் திட்டு சோடாவுக்கு அசையவில்லை. லோகப்பிரியா புளியை எடுத்தாள். சொன்னபடியே அழுத்தித் தேய்த்தாள், மனசில் இருந்ததையெல்லாம் சேர்த்துத் தேய்த்தாள். தண்ணீர் விட்டு அலசியபோது சொம்பின் வயிறு செக்கச்செவேலென்று இருந்தது. செம்பின் மேல் ஏற்றியிருந்த பூச்சு போய்விட்டிருந்தது. ஈஸ்வரமூர்த்தி என்று வெட்டிய எழுத்தைச் சுற்றி மட்டும் கொஞ்சம் வெள்ளை ஒட்டியிருந்தது.

பூக்கட்டிய கைகள் நின்றன. வசந்தாமணிக்கு முகத்தில் ரத்தமே இல்லை.

"என்ன பண்ணிப்போட்டே நீ?"

"அழுத்தித் தேய்க்கச் சொன்னீங்க, தேச்சனுங்க." லோகப்பிரியா நிமிர்ந்தாள். இதைச் சொல்லிப் பார்த்துப் பார்த்து அவள் நாக்கு தழும்பேறிப் போயிருந்தது. "பரவால்லைங்க நங்கை. உங்கப்பா முடிஞ்சதத்தான செய்வாரு."

மாமனார் நல்ல மனுஷர். பாவம், கடைக்காரன்தான் அவரை ஏமாற்றியிருப்பான். அவரை இழுத்துச் சொன்னது லோகப்பிரியாவுக்கே உள்ளே சுட்டது. சுட்டால் சுடட்டும், தன் அப்பாவுக்குச் சுட்டதை விடவா?

வாசலில் கார் வந்து நின்றது. "சம்பந்தி வந்துட்டாங்க!" என்று யாரோ கத்தினார்கள். வசந்தாமணியின் பார்வை சிவந்த சொம்பிலிருந்து மின்னுகிற சொம்புக்குத் தாவியது. லோகப்பிரியா அதை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அம்மணி... அதைக் கொஞ்சம்..."

"எதைங்க?"

"உன்ற சொம்பை..."

"ஈயமுங்க அது."

வசந்தாமணியின் கண் கலங்கியது. "வெள்ளிதான் கண்ணு. வெள்ளிதான். குடு."

குழந்தையம்மாளுக்கும் காதில் விழுந்ததா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு, லோகப்பிரியா கொடுத்தாள்.

கூடத்தில் வசந்தாமணி பன்னீர் தெளித்தபோது சம்பந்தியம்மா சொம்பைக் கையில் வாங்கினார். எடை பார்த்தார், கவிழ்த்துப் பேர் பார்த்தார்.

"நல்ல கனமுங்க. இந்தக் காலத்துல இப்படி ஆரு செய்யறாங்க? நாச்சிமுத்துங்கிறது உங்கய்யனுங்களா?"

வசந்தாமணி தரையைப் பார்த்து ஏதோ முனகினாள்.

"ஏனுங்க?" என்றார் சம்பந்தியம்மா.

சமையலறை நிலையில் சாய்ந்து நின்ற லோகப்பிரியா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"சத்தமாச் சொல்லுங்க நங்கை. அவங்களுக்குக் கேக்கலையாமா."

கூடம் முழுக்கத் திரும்பியது. வசந்தாமணி தலையை நிமிர்த்தினாள்.

"என்ற தம்பி பொண்டாட்டியோட அப்பாவுங்க. மதுக்கரை நாச்சிமுத்து. அவரு குடுத்த வெள்ளிங்க."