கொண்டையூசி வளைவுத் தரகர்கள்

வந்து பாருங்கள், வாசகத் தோழர்களே! கல்வராயன் மலையின் ஒரு கொண்டையூசி வளைவில் நடந்த அநீதியை உங்கள் கண்ணால் பாருங்கள்! சொந்த நிலத்தில் சொந்தக் கையால் மரவள்ளி நட்ட உழவர்களைத் "தரகர்கள்" என்று தீர்ப்பெழுதி வெளியே தள்ளியிருக்கிறார்கள். தீர்ப்பை வாசித்தது ஒரு கைபேசிச் செயலி. அதற்கு அந்தத் தீர்ப்பைக் கற்றுக்கொடுத்தவர்களோ, கள்ளக்குறிச்சியில் குளிரூட்டிய அறையில் கூடிக் கைதூக்கிய சிலர். மணிமொழியும் அன்று கை தூக்கியவள்தான்.

ஈராயிரத்து இருபதாம் ஆண்டின் டிசம்பர் அது. இட ஒதுக்கீட்டுப் போராட்டம் வட மாவட்டத்துச் சாலைகளையெல்லாம் மேடையாக்கியிருந்த காலம். மணிமொழி ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தின் குழுத் தலைவி. மலை உழவர்கள் தங்கள் கிழங்கை இடையில் எவருமின்றி ஜவ்வரிசி ஆலைகளுக்கு விற்பதற்கான செயலியை அவளது குழு உருவாக்கியிருந்தது. தரகர்கள் போலிப் பெயர்களில் புகுந்துவிடாதிருக்க ஒரு காவலும் வைத்தார்கள்: ஒரே இடத்திலிருந்து அடுத்தடுத்துப் பலர் நுழைந்தால், அத்தனை கணக்கும் பூட்டப்படும். அறைக்குள் அது அபார அறிவாகத்தான் தெரிந்தது.

"சோதனைக்குக் குடுத்த மலைக்காரங்க எல்லாரையும் பூட்டிடுச்சுக்கா" என்றான் நிரலாளன் நவுஷாத். "ரிஷிவந்தியம் புரோக்கர் சுப்புராயன் மட்டும் ஜம்முனு உள்ள ஒக்காந்துகினு இருக்காரு."

உரிமையாளர் தனசேகரன் அசரவில்லை. "பூட்டு வேல செய்யுதுன்னு அர்த்தம். வெள்ளிக்கிழம வெளியீட்டு விழா. வரவேற்புப் பக்கத்துல என் படத்து மேல பூ கொட்டணும்னு சொன்னனே, இன்னா ஆச்சு?"

"கொட்டுது சார். நிறுத்தத்தான் முடியல."

மணிமொழிக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கவலையும். மலையில் அறுவடை தொடங்கிவிட்டது. பிடுங்கிய கிழங்கு இரண்டொரு நாளில் கறுத்துவிடும். பூட்டோடு செயலி வெளிவந்தால், யாருக்காகச் செய்தார்களோ அவர்களுக்கே இந்தப் பருவத்தில் அதில் இடமில்லை. சுப்புராயனுக்கு மட்டும் சிம்மாசனம்.

"ஒருதரம் மேல போயி பாத்துட்டு முடிவு பண்ணலாம் சார்."

"பாக்கறதுக்கு எங்கம்மா நேரம்? நான் இன்னிக்கு மெட்ராஸ் போயி சிறப்பு விருந்தினரக் கூப்டணும்" என்று கிளம்பியவர், போன வேகத்தில் திரும்பி வந்தார். "தியாகதுருகத்துல மறியல். வண்டியத் திருப்பி அனுப்பிச்சிட்டாங்க."

"மறியல் கிழக்கதான சார்? மேற்க மலைக்குப் போற வழி தெறந்துதான் இருக்குது" என்றாள் மணிமொழி.

வேறு வேலையில்லாத முதலாளி, தம் பூட்டின் பெருமையை நேரில் காட்டும் ஆசையோடு வண்டியில் ஏறினார். நவுஷாத் ஓட்டினான்.

மலைப்பாதையின் மேல்வளைவு ஒன்றில் தடுப்புச் சுவரை ஒட்டி ஒரு கூட்டம் நின்றது. எல்லார் கையிலும் கைபேசி. எல்லாக் கையும் வானை நோக்கி. மேலேயுள்ள ஊரில் கைபேசி அலை எட்டாது. காலையில் இந்த வளைவுக்கு இறங்கி வந்து, திருப்பூரிலிருக்கும் மகனோடு பேசுவதும், எரிவாயு உருளைக்குப் பதிவதும், ஆலையின் விலை பார்ப்பதும் அவர்கள் வழக்கம். எல்லாரும் ஒரே இடம், ஒரே வேளை!

மணிமொழிக்குப் பொறி தட்டியது. இவர்களின் அன்றாடத்தைத்தான் அவள் குழு மோசடி என்று எழுதி வைத்திருந்தது; தன் ஊரிலிருந்து தனியாக நுழைந்த சுப்புராயன் தப்பிக்கொண்டார்.

மரவள்ளிக் காட்டுக்காரி பெரியநாயகி இடுப்பில் கைவைத்து வந்தாள். "நீங்கதான் அந்த ஆப் செஞ்சவங்களா? என்னிய புரோக்கர்னு சொல்லிடுச்சும்மா. அன்னிலருந்து எங்க வூட்டுக்காரரு, 'புரோக்கரம்மா, சோறு போடு'ன்றாரு!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"நீங்க எங்கியாவது தப்பா அழுத்தியிருப்பீங்க" என்றார் தனசேகரன். "எனக்கும் கீழ தோட்டம் இருக்குது. நானே பதிஞ்சு காட்டறன், பாருங்க."

அவர் அழுத்தினார். அக்கம்பக்கத்தாரும் ஆசையோடு அழுத்தினார்கள். தனசேகரனின் திரையில் அவர் படம் தோன்றியது, பூமாரி பொழிந்தது, பூக்களுக்கு நடுவே செவ்வெழுத்து எழுந்தது: 'நீங்கள் தரகர் என ஐயப்படுகிறோம். உங்கள் கணக்கு பூட்டப்பட்டது.'

"வாங்க, வாங்க!" என்று கைதட்டினாள் பெரியநாயகி. "எங்க சங்கத்துல சேந்துட்டீங்க. எங்களுக்கெல்லாம் வெறும் எழுத்துதான். உங்களுக்குப் பூவோட வந்துக்குது!"

நவுஷாத் சுவர்ப்பக்கம் திரும்பிக் குலுங்கினான். தனசேகரன் விடவில்லை. "பூட்ட எடுத்தா புரோக்கருங்க பூந்துடுவானுங்களேம்மா?"

"எங்கருந்து அனுப்பறாங்கன்னு பாக்க வேணாம் சார். கெழங்கு எங்க இருக்குதுன்னு பாப்போம்" என்றாள் மணிமொழி. "அவங்கவங்க காட்டுல நின்னுகினே பதியட்டும். சிக்னல் இல்லன்னாலும் எடம் எதுன்னு போனுக்குத் தெரியும். அது வச்சிருந்து, வளைவுக்கு வந்ததும் தானா அனுப்பட்டும். சுப்புராயனுக்கு ஏது காடு?"

"அது வெள்ளிக்கிழமைக்குள்ள ஆவாதுக்கா" என்றான் நவுஷாத். "பூ வேலைய வுட்டுட்டு எல்லாரும் ஒக்காந்தா, அடுத்த வாரக் கடைசியில முடிக்கலாம்."

"பந்தலுக்குச் சொல்லிட்டனே!"

"வெள்ளிக்கிழமையே வெளியிடலாம் சார்" என்றாள் மணிமொழி, குரல் உயர்த்தாமல். "சுப்புராயனுக்கு மட்டும் வெளியிடுவோம். மேடையில அவரையே ஒக்கார வைங்க."

தனசேகரன் திரையைப் பார்த்தார். பூ இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது. "மொதல்ல இந்தப் பூவ நிறுத்து" என்றார். "விழாவத் தள்ளி வைக்கறன். மறியலால தள்ளிப் போச்சுன்னு சொல்லிடலாம்."

"எங்களுக்காகத் தள்ளி வச்சன்னு சொன்னா வாய் வெந்துடுமா?" என்றாள் பெரியநாயகி.

தனசேகரன் கைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டார். "சரிம்மா. அப்படியே சொல்றன்" என்றார் முதலாளி.

மணிமொழி அத்தோடு நிற்கவில்லை. "இனிமே என்ன மாத்தறதா இருந்தாலும் நீங்களும் இருந்துதான் முடிவு. கூட்டத்துக்கு வருவீங்களாக்கா?"

"கெழங்கு யாரு புடுங்கறது? நீங்க வாங்க, இந்த வளைவுக்கு. சொவரு நீளமா இருக்குது. எல்லாரும் ஒக்காரலாம்."

அடுத்த கூட்டம் அந்தச் சுவர்மேல்தான் நடந்தது. தனசேகரன் சொன்ன யோசனைகளில் பாதி அங்கேயே தள்ளுபடியானது; மீதியோடு வெளிவந்த செயலியில் உழவர்களே மரவள்ளி விற்றார்கள்.

தோழர்களே! அலுவலகத்திலும் கல்லூரியிலும் பங்கு கேட்டு மக்கள் சாலையில் அமர்ந்தது எதற்காக? தம்மைப் பற்றிய முடிவு தாம் இல்லாத இடத்தில் எழுதப்படக் கூடாது என்பதற்காக. நீங்கள் குழுவை நடத்துகிறவரா? பொருளைப் படைக்கிறவரா? நாளைக் காலைக் கூட்டத்தைத் தொடங்குமுன் சுற்றிப் பாருங்கள். உங்கள் முடிவைச் சுமக்கப்போகிறவர் அங்கே இருக்கிறாரா? இல்லையென்றால் கூட்டத்தைக் கலையுங்கள். அவரைத் தேடிப் போங்கள். அவர் இருக்குமிடத்தில் உட்கார்ந்து, அவரைக் கேட்டு, அதன்பின் முடிவெடுங்கள்!