குழாயில் உறையாத ரத்தம்

எண்பதுகளின் நடுவில், மூன்றாவது கர்ப்பமும் ஐந்தாம் மாதத்தில் கலைந்த பிறகு, திருத்தணியில் ஒரு தனியார் டாக்டர் காஞ்சனாவின் ரத்தத்தைச் சோதித்தார். உடலுறவால் தொற்றும் மேகநோய் என்று வந்தது. டாக்டர் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். ஆனாலும் பொழுது சாய்வதற்குள் அவள் ஊரான அம்மையார்குப்பத்தில் தறி ஓடும் வீடுகளுக்கெல்லாம் செய்தி போய்விட்டது.

கணவன் துளசிங்கத்தின் ரத்தத்தையும் பார்த்தார்கள். அவனுக்கு ஒன்றுமில்லை. அதுவே அவளுக்கு எதிராகத் திரும்பியது. புருஷனிடமிருந்து வரவில்லையென்றால் யாரிடமிருந்து வந்தது என்று மாமியார் அன்னம்மாள் கேட்டாள். துளசிங்கம் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். அவளை அம்மா வீட்டுக்குப் போய்விடும்படி ஊர்ப் பெரியவர் ஆறுமுகம் ஆள் மூலம் சொல்லியனுப்பினார்.

"தப்பு பண்ணவதான் போவணும். நான் ஏன் போறேன்?" என்று சொல்லிவிட்டுக் காஞ்சனா தன் தறியில் போய் உட்கார்ந்தாள்.

சில வாரங்களில் அவளுடைய இடது கால் வீங்கி வலித்தது. தறி மிதிக்க முடியவில்லை. அதுவும் அந்த நோய்தான் என்றாள் அன்னம்மாள். காஞ்சனா யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறித் திருத்தணிக்கு வந்து, ரயில் பிடித்துச் சென்னைக்குப் போனாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் மனோரமா அவளைச் சேர்த்துக்கொண்டார். காலின் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருந்தது. மேகநோய்க்கு இன்னும் துல்லியமான சோதனை ஒன்று செய்தார்; அந்த நோயே இல்லை. ஆனால் சோதனைக் குழாயில் விட்ட அவளுடைய ரத்தம் உறைய அதிக நேரம் எடுத்தது. மறுபடி எடுத்துப் பார்த்தும் அப்படியேதான்.

"கால்ல உறையுது, குழாயில உறையலன்றீங்க. எதும்மா நெசம்?" என்று காஞ்சனா கேட்டாள்.

"ரெண்டுமே நெசம்தாம்மா," என்றார் டாக்டர்.

கிருமிகளை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள்களில் சில, அவளுக்குச் சொந்த உடம்புக்கு எதிராகவே திரும்பியிருந்தன. ரத்தம் உறைவதற்கு ஒருவகைக் கொழுப்பு தேவை. அந்த எதிர்ப்பொருள்கள் அதில் போய் ஒட்டிக்கொள்கின்றன. சோதனைக் குழாயில் அந்தக் கொழுப்பு மறைக்கப்படுவதால் உறைவது தாமதமாகிறது. உடம்புக்குள்ளோ அவை ரத்தக்குழாயின் சுவரைத் தூண்டிவிட்டு, உறையக்கூடாத இடத்தில் உறையவைக்கின்றன. நஞ்சுக்கொடியிலும் அப்படி அடைத்துத்தான் பிள்ளைகள் தங்காமல் போயிருக்கும். திருத்தணியில் செய்த சோதனையிலும் ரத்தத்தோடு கலந்து பார்க்கும் பொருள் அதே வகைக் கொழுப்புதான்; இவளுடைய ரத்தம் அதில் ஒட்டியதை மேகநோய் என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள். இதையெல்லாம் வைத்தியர்களே இப்போதுதான் புரிந்துகொண்டு வருகிறார்கள் என்றும் டாக்டர் மறைக்காமல் சொன்னார்.

கால் வீக்கம் வடிந்து அவள் ஊர் திரும்பியபோது, ஆறுமுகத்தின் வீட்டில் துளசிங்கத்துக்கு வேறு பெண் பார்ப்பது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். காஞ்சனா நேராக உள்ளே போய் டாக்டர் சொன்னதைச் சொன்னாள். அப்படியானால் ஒரு பிள்ளையைப் பெற்றுக் காட்டட்டும் என்றாள் அன்னம்மாள்.

"மாட்டேன் அத்தே. பெத்துக் காட்டித்தான் நான் யோக்கியம்னு ஆவணுமா?" காஞ்சனா கணவன் பக்கம் திரும்பினாள். "மாமா, அடுத்த வாரம் டாக்டரைப் பாக்கப் போறேன். நீயும் வந்து உன் வாயால கேளு. வர இஷ்டமில்லன்னா இங்கியே உக்காந்துகினு பொண்ணு பாரு."

துளசிங்கம் போனான். டாக்டரிடம் அவன் தடுமாறித் தடுமாறிக் கேட்டபோது காஞ்சனா ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்கவில்லை. திரும்பி வந்ததும் அவன் ஆறுமுகத்தின் வீட்டுக்குப் போய், எல்லாரும் கேட்க, தன் பெண்டாட்டிமேல் சொன்னது பொய் என்றான். ஊரும் அதைச் சொல்ல வேண்டும் என்று காஞ்சனா விடாமல் நின்றாள். ஆறுமுகம் கனைத்துக்கொண்டு சொன்னார்.

அந்த மாதமே இருவரும் தனிக்குடித்தனம் போனார்கள். ரத்தம் உறையாமலிருக்க அவளுக்கு மாத்திரை கொடுத்திருந்தார்கள். அது கருவைக் கெடுக்கும் என்பதால், அதைச் சாப்பிடுகிற காலத்தில் கர்ப்பம் கூடாது. பிறகு என்ன என்று தெருவில் கேட்டவர்களுக்கு, அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தறி மிதித்தாள்.